செந்தூலுக்கு எட்டிய மூன்று குரல்கள்

இறந்தாரை எண்ணி இருப்பார் இரங்குதல் மனித குலத்தின் மிகப் பழைய வழக்கங்களுள் ஒன்று. அவ்விரக்கத்திற்கு இலக்கணம் வகுத்து, அதனைத் தனித்துறையாக்கிப் போற்றிய பெருமை தமிழுக்கு உண்டு. கையறுநிலை என அத்துறைக்குப் பெயரிட்டனர் நம் முன்னோர். பாரி மாய்ந்தபோது கபிலரும், அதியமான் வீழ்ந்தபோது ஔவையாரும், ஒல்லையூர் கிழான் மகன் பெருஞ்சாத்தன் மறைந்தபோது குடவாயிற் கீரத்தனாரும் பாடிய பாடல்கள் புறநானூற்றில் இன்றும் கற்போர் நெஞ்சை உருக்குகின்றன.

இப்பாடல்களை ஊன்றிக் கற்பார்க்கு ஓர் உண்மை புலப்படும். பாடியவர்கள் புலவரும் பாணரும். பாடப்பெற்றவர்களுள் மிகுதியானோர் புரவலர். கொடுத்தவன் மறைந்தான், பெற்றவன் அழுதான். பாணனது வாழ்வு புரவலனது கையை நம்பியிருந்த காலத்தின் நியதி அது.

இருபதாம் நூற்றாண்டு இந்நியதியைத் தலைகீழாக்கிற்று. இசைத்தட்டும், வானொலியும், பேசும் படமும் தோன்றிய பின்னர்ப் பாணனைப் புரப்பவன் மன்னன் அல்லன். பத்துக் காசு கொடுத்துத் தரை வகுப்பில் அமர்ந்தவனும், அண்டை வீட்டு வானொலிக்குச் செவி சாய்த்தவளுமே புதிய புரவலர் ஆயினர். ஆகவே பாணன் மறைந்தால் அழுவோரும் அவர்களே ஆயினர். தமிழகத்தில் நாடக மேடையின் இணையற்ற பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பா 1933ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள், முப்பது வயதை எட்டுமுன் மறைந்தார். அவருடன் பாடி வாழ்ந்த கே.பி. சுந்தராம்பாள் அன்று அணிந்த வெண்ணிற ஆடையை 1980இல் தாம் மறையும் வரை களையவில்லை. இசைத்தட்டு வழியாக அவ்விருவர் குரலையும் அறிந்திருந்த மக்கள் அத்துயரைத் தம் வீட்டுத் துயராகவே கொண்டனர். ஒரு பாடகரின் மறைவு பொதுமக்களின் இழப்பாகக் கருதப்பட்ட தொடக்க நிகழ்ச்சிகளுள் இதுவும் ஒன்று எனலாம்.

மலேசியத் திருநாட்டிலும் இத்தகைய இழப்புகள் நேர்ந்துள்ளன. அவற்றுள் மூன்றனைச் செந்தூலில் நின்று நோக்குவது பொருத்தமாகும்.

செந்தூலும் அதன் செவியும்

கோலாலம்பூரின் வடபால் அமைந்தது செந்தூல். அப்பெயருடைய கனிமரத்தால் இவ்வூர் பெயர் பெற்றது என்பர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரயில்வேயின் மத்தியப் பட்டறை இங்கு எழுந்தது. இயந்திர வண்டிகளைப் பழுது பார்க்கவும், பெட்டிகளைச் செப்பனிடவும், இரும்பை உருக்கி வார்க்கவும் தமிழகத்திலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்த தமிழர் பெருந்தொகையினராய் இங்கே குடியேறினர். சீனரும் மலாய்க்காரரும் அவர்களுக்கு அண்டை வீட்டாராக அமைந்தனர். கோவிலும் தேவாலயமும் தமிழ்ப்பள்ளியும் சந்தையும் ஒன்றையொன்று ஒட்டி வளர்ந்தன.

பட்டறையின் சங்கொலி கேட்டு வேலைக்குச் சென்று, சங்கொலி கேட்டு வீடு திரும்பிய மக்களுக்கு மாலையில் கிட்டிய இன்பம் பாட்டு ஒன்றே. ஒரே சுவரின் இருபுறத்திலும் தமிழ்ப் பாடலும் மலாய்ப் பாடலும் சீனப் பாடலும் ஒலித்தன. வேண்டியோ வேண்டாமலோ ஒருவர் பாட்டை மற்றவர் கேட்டே வளர்ந்தனர். செந்தூல்வாசியின் செவி மும்மொழிச் செவி. அதனாலேயே இவ்வூர் துக்கமும் ஒரு மொழிக்குள் அடங்கி நிற்பதில்லை.

செந்தூலுக்குக் கிழக்கே சிறிது தொலைவில் ஸ்தாப்பாக். தெற்கே சௌக்கிட். இரயில் ஏறினால் மேற்கே கிள்ளான். 1886ஆம் ஆண்டிலேயே கோலாலம்பூரையும் கிள்ளான் பகுதியையும் இருப்புப்பாதை இணைத்துவிட்டது. இம்மூன்று திசைகளிலும் மூன்று பாடகர்களின் நினைவு நிற்கிறது.

ஸ்தாப்பாக்கில் அணைந்த விளக்கு

முதலாமவர் பி. ரம்லி. 1929ஆம் ஆண்டு மார்ச்சு 22ஆம் நாள் பினாங்கில் பிறந்த இக்கலைஞர், 1948இல் சிங்கப்பூர் சென்று ஷா சகோதரர்களின் படப்பிடிப்பு நிலையத்தில் சேர்ந்தார். பாடகராகவும், நடிகராகவும், இசையமைப்பாளராகவும், இயக்குநராகவும் மலாய்த் திரையுலகின் உச்சத்தை எட்டினார். அவரைக் கண்டெடுத்துத் திரைக்குக் கொணர்ந்தவர் இந்தியரான பி.எஸ். ராஜ்ஹன்ஸ். 1950இல் 'பக்தி' என்னும் படத்தில் அவரைக் கதைத்தலைவன் ஆக்கியவர் சென்னையில் பிறந்த எல். கிருஷ்ணன். எனவே மலாய் மக்களின் அப்பெருங்கலைஞர் வளர்ந்த வரலாற்றில் இந்தியர்க்கும் பங்குண்டு என்பதை நம் மாணவர் அறிதல் வேண்டும்.

1964இல் ரம்லி சிங்கப்பூரை விட்டுக் கோலாலம்பூர் வந்தார். உலு கிள்ளானில் இருந்த மெர்டேக்கா நிலையத்தில் படங்களை இயக்கினார். ஆனால் காலம் மாறியிருந்தது. 1963 டிசம்பரில் தொலைக்காட்சி நாட்டினுள் நுழைந்துவிட்டது. மின்கித்தார் இசைக்குழுக்களின் புதிய பாணி இளைஞர் உள்ளத்தைக் கவர்ந்தது. சிங்கப்பூரில் கிட்டிய வசதிகளும் துணைக் கலைஞர்களும் இங்கே கிட்டவில்லை. நேற்றுவரை அவரைத் தலைமேல் வைத்துக் கொண்டாடியவர்கள் அவரைப் பழமையானவர் என ஒதுக்கினர். 1973ஆம் ஆண்டு மே 29ஆம் நாள் மாரடைப்பால் அவர் மறைந்தபோது அவருக்கு வயது 44. இறுதி ஆண்டுகள் வறுமையிலேயே கழிந்தன.

மறைந்த பின்னரோ, நாடு விழித்துக்கொண்டது. கோலாலம்பூரின் மையத்தில் ஒரு சாலை அவர் பெயர் பெற்றது. ஸ்தாப்பாக்கில் அவர் வாழ்ந்த வீடு 1986இல் நினைவகம் ஆயிற்று. 1990இல் டான் ஸ்ரீ விருது அவருக்கு மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது. இவை யாவும் தக்க சிறப்புகளே. ஆயினும், பசித்தபோது கிட்டாத சோறு படையலாக வந்தது போன்றது இச்சிறப்பு என்னும் எண்ணத்தைத் தவிர்க்க இயலவில்லை. ரம்லிக்காக மக்கள் விட்ட கண்ணீரில் அன்பு பாதி, குற்றவுணர்வு பாதி.

சௌக்கிட் சாலையின் ஒரு மாலைப்பொழுது

இரண்டாமவர் சுதிர்மான் அர்ஷாட். பகாங்கின் தெமெர்லோவில் 1954ஆம் ஆண்டு மே 25ஆம் நாள் பிறந்தவர். 1976இல் வானொலி தொலைக்காட்சி நிலையத்தின் பாட்டுப் போட்டியில் வாகை சூடினார். மலாயாப் பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்று வழக்குரைஞரும் ஆனார். உருவத்தில் சிறியவர், மேடையில் ஏறினால் அம்மேடை முழுதும் அவரே நிறைந்திருப்பார். நாட்டின் விடுதலை நாளைப் பற்றியும், பெருநாளுக்கு ஊர் திரும்புவோரின் களிப்பைப் பற்றியும் அவர் பாடியவை இன்றும் ஆண்டுதோறும் ஒலிக்கின்றன.

1986ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் சௌக்கிட் சாலையின் நடுவே மேடை எழுப்பி அவர் பாடினார். ஓர் இலட்சத்துக்கு மேற்பட்டோர் திரண்டனர் என்பது பதிவு. அனுமதிச் சீட்டு வாங்கி மண்டபத்தில் அமர இயலாதவர்க்கும் பாட்டு உரியது என்பதை அம்மேடை உணர்த்திற்று. சந்தை வணிகரும், கூலித் தொழிலாளரும், பல இனத்து இளைஞரும் தோளோடு தோள் உரச நின்று கேட்டனர். செந்தூலிலிருந்து நடந்தே செல்லத்தக்க தொலைவில் நிகழ்ந்தது அது. 1989இல் இலண்டனின் இராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் ஆசியாவின் முதன்மைக் கலைஞர் என்னும் சிறப்பையும் அவர் வென்றார்.

அடுத்த மூன்று ஆண்டுகளுக்குள் எல்லாம் முடிந்தது. நோயுற்று, பொது வாழ்விலிருந்து விலகி, பங்சாரில் தம் தமக்கையின் இல்லத்தில் இருந்த அவர் 1992ஆம் ஆண்டு பிப்ரவரி 22ஆம் நாள் விடியுமுன் மறைந்தார். வயது 37. பிறந்த ஊர்ப்புறமான தெமெர்லோவிலேயே அடக்கம் செய்யப்பெற்றார். ரம்லிக்கு அழுதவர்கள் தம் மறதியை எண்ணி அழுதனர். சுதிர்மானுக்கு அழுதவர்களோ, இனி அவர் பாடவிருந்த பாடல்களை எண்ணி அழுதனர். முன்னது செய்யத் தவறியதற்கான துயர். பின்னது பெறவியலாது போனதற்கான துயர்.

நாட்டின் பெயரைச் சுமந்தவர்

மூன்றாமவர் நம்மவர். 1944ஆம் ஆண்டு சூன் 15ஆம் நாள், சப்பானியர் ஆட்சியின் இருள் சூழ்ந்திருந்த வேளையில், கிள்ளானில் மலையாளக் குடும்பமொன்றில் பிறந்தவர் வாசுதேவன். இந்நாட்டுத் தமிழ் நாடக மேடைகளில் நடித்தும் பாடியும் தேர்ந்த இவர், இளமையிலேயே சென்னைக்குச் சென்றார். அங்கே வாய்ப்பு எளிதில் கிட்டவில்லை. விளம்பரப் படங்களிலும் சிறு வேடங்களிலும் நடித்துக் காலம் கடத்தினார். 1972இல் வெளிவந்த 'டெல்லி டு மெட்ராஸ்' படத்தில் வி. குமாரின் இசையில் பாடியதே பின்னணிப் பாடகராக அவர் எடுத்துவைத்த முதலடி.

அவர் பெயருக்கு முன்னே 'மலேசியா' என்னும் சொல் வந்து அமர்ந்தது. மலேசியா என்னும் கூட்டரசு உருவானது 1963ஆம் ஆண்டு செப்டம்பர் 16ஆம் நாள். அவர் திரையில் பாடத் தொடங்கியபோது அந்நாட்டுக்குப் பத்து வயதும் நிறையவில்லை. தமிழகத்தின் சிற்றூர்களில் வரைபடத்தையே காணாத எத்தனையோ பேர் மலேசியா என்னும் பெயரை முதன்முதல் கேட்டது ஒரு பாடகரின் பெயரில்தான் என்றால் அது மிகையாகாது. தூதரகங்கள் செய்யவியலாத பணியை ஓர் அடைமொழி செய்தது.

1977இல் பாரதிராசாவின் 'பதினாறு வயதினிலே' வந்தது. அப்படத்தில் கமலகாசனுக்காகப் பாடவேண்டியவர் எஸ்.பி. பாலசுப்பிரமணியம் என்றும், அவருக்குத் தொண்டை நலிவுற்றமையால் இளையராசா வாசுதேவனை அழைத்தார் என்றும் கூறுவர். தற்செயலாய்க் கிட்டிய அவ்வாய்ப்பு ஒரு காலத்தையே தோற்றுவித்தது. பெருநகரப் படப்பிடிப்பு நிலையங்களை விட்டுத் தமிழ்த் திரைப்படம் வயலுக்கும் வரப்புக்கும் சென்ற காலம் அது. அவ்வயலுக்கேற்ற குரல் வேண்டியிருந்தது. மெருகு மிகுந்த குரல் பயன்படாது. மண்ணின் சொரசொரப்பும் மனத்தின் ஈரமும் உள்ள குரலே வேண்டும். வாசுதேவனிடம் அஃது இருந்தது. 'கிழக்கே போகும் ரயில்', 'புதிய வார்ப்புகள்', 'தர்மயுத்தம்', 'முரட்டுக்காளை', 'கோழி கூவுது' எனப் படம்தோறும் அக்குரல் வேறு வேறு மனிதராக மாறி ஒலித்தது.

1985இல் வந்த 'முதல் மரியாதை' அவரது கலையின் கொடுமுடி. நடிகர் திலகம் சிவாஜி கணேசனுக்குப் பல்லாண்டுகளாகக் குரலாய் விளங்கியவர் டி.எம். சௌந்தரராசன். அவ்விரண்டையும் பிரித்து எண்ணவே தமிழர் செவிக்குப் பழக்கமில்லை. அத்தகைய நடிகருக்குக் கிள்ளானில் பிறந்த ஒருவர் பாட, அது பொருந்திற்று. முதுமையின் தளர்ச்சியும், சொல்லவியலாத ஏக்கமும், ஊர்ப்பெரியவர் ஒருவரின் கண்ணியமும் அப்பாடல்களில் ஒன்றாய்க் கலந்து நின்றன. அதே ஆண்டில் 'ஒரு கைதியின் டைரி'யில் வில்லனாக நடித்து மக்களின் வெறுப்பையும் வெற்றியோடு பெற்றார். பாடகர், நடிகர், இசையமைப்பாளர் எனப் பல துறைகளில் உழைத்த அவர்க்குத் தமிழக அரசு கலைமாமணி விருது வழங்கிற்று.

இங்கே கருத்தூன்ற வேண்டிய செய்தி ஒன்றுண்டு. வாசுதேவன் பிறந்தது மதுரைச் சீமையில் அன்று, தேனியில் அன்று. தாய்மொழியும் மலையாளம். அவர் எந்தச் சிற்றூரைப் பாடினாரோ அந்தச் சிற்றூரில் அவர் வளரவில்லை. ஆயினும் அவர் குரலைக் கேட்ட உழவர் எவரும் அதனை அயலார் குரல் என ஐயுறவில்லை. இஃது எவ்வாறு இயன்றது? மலாயா மண்ணில், தோட்டத்திலும் பட்டறையிலும் துறைமுகத்திலும் உழைத்த தமிழர்கள் தாலாட்டையும் ஒப்பாரியையும் கும்மியையும் கைவிடாது காத்தனர். நாடகக் கொட்டகையில் வசனமாகவும் பாட்டாகவும் தமிழ் நாள்தோறும் ஒலித்தது. அச்சூழலில் வளர்ந்த செவி தமிழைக் குறைவின்றி வாங்கிக்கொண்டது. கடல் கடந்தால் மொழி மங்கும் என்பார் கூற்றுக்கு வாசுதேவனின் குரல் தக்க மறுப்பு. மொழி மண்ணால் மட்டும் வாழ்வதில்லை. கேட்கும் செவியாலும் பேசும் வாயாலும் வாழ்கிறது.

இதனையே செந்தூல் மக்கள் உள்ளூர உணர்ந்திருந்தனர். அவர்களுட் பலர் பேரனார் பிறந்த ஊரைக் கண்டதில்லை. காணாத அச்சிற்றூரை, தம்மைப்போலவே அங்குப் பிறவாத ஒருவர் பாட, அவர்கள் கேட்டனர். அதனால் அவரது பாடலில் அவர்களுக்கு இருமடங்கு உரிமை இருந்தது.

2011ஆம் ஆண்டு பிப்ரவரி 20ஆம் நாள் சென்னையில் வாசுதேவன் மறைந்தார். வயது 66. நோயால் நெடுநாள் நலிந்திருந்தும் பாட்டை அவர் முற்றும் விடவில்லை. மறைவுக்கு முந்திய ஆண்டில் வெளிவந்த 'பலே பாண்டியா' படத்திற்குத் தம் மக்களுடன் சேர்ந்து பாடியிருந்தார். தமிழகம் ஒரு பின்னணிப் பாடகரை இழந்தது. மலேசியத் தமிழரோ, தம் நாட்டின் பெயரைத் தமிழுலகெங்கும் சுமந்து சென்ற பிள்ளையை இழந்தனர். உடல் இங்கில்லை, எரியும் சிதையும் இங்கில்லை. அழுவதற்கு இவர்களிடம் இருந்தது குரல் ஒன்றே. அக்குரலைத் திரும்பத் திரும்பக் கேட்டதே இவர்கள் செய்த நீர்க்கடன்.

கூடாமலே கூடிய துக்கம்

ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2020ஆம் ஆண்டு செப்டம்பர் 25ஆம் நாள், எஸ்.பி. பாலசுப்பிரமணியமும் மறைந்தார். பெருந்தொற்று உலகை வீட்டினுள் அடைத்திருந்த காலம். கூட்டம் கூடவோ, கடல் கடந்து சென்று இறுதியஞ்சலி செலுத்தவோ இயலாத நிலை. மறுநாள் சென்னையை அடுத்த தாமரைப்பாக்கத்தில் அரசு மரியாதையுடன் அவர் நல்லடக்கம் நிகழ்ந்தபோது, உலகத் தமிழர் தத்தம் இல்லங்களிலிருந்தே கண்டு கலங்கினர். இறுதிச் சடங்குக்குச் செல்லவியலாத துயரை மலேசியத் தமிழர் முன்னரே பழகியவர்கள். வாசுதேவனுக்கு அவர்கள் அழுத விதத்தில் இப்போது உலகம் முழுவதும் அழுதது.

இரங்கலும் கடமையும்

கையறுநிலை என்னும் சொல்லுக்குச் செயலற்று நிற்கும் நிலை என்பது பொருள். ஆனால் அத்துறையைப் பாடிய புலவர்கள் செயலற்று நின்றவர்கள் அல்லர். பாரி மறைந்தபின் கபிலர் அவன் மகளிரைக் காக்கும் பொறுப்பை ஏற்றார். பாடலைப் பாடி முடித்ததோடு அவர் கடன் முடியவில்லை. இரங்கல் ஒரு கடமையைப் பெற்றெடுக்க வேண்டும் என்பதே அவ்வரலாறு தரும் பாடம்.

ரம்லியின் வரலாறு கற்பிப்பது, கலைஞர் உயிரோடிருக்கையில் அவரைப் பேண வேண்டும் என்பது. சுதிர்மானின் வரலாறு கற்பிப்பது, கலையை மண்டபத்துக்குள் பூட்டாது தெருவில் நிற்பவருக்கும் கொண்டு செல்ல வேண்டும் என்பது. வாசுதேவனின் வரலாறு கற்பிப்பது யாது? அவரை உருவாக்கிய இந்நாட்டுத் தமிழ் மேடையை நாம் மறந்துவிடலாகாது என்பதே. சென்னையில் அவர் பாடியவை தட்டிலும் நாடாவிலும் நிலைத்துவிட்டன. இங்கே நாடக மேடையில் அவரையொத்த இளைஞர்கள் பாடியவை காற்றோடு சென்றன. அந்நாடகங்களைக் கண்டவர்கள் இன்று முதுமையுற்று, ஒருவர் பின் ஒருவராய் மறைந்து வருகின்றனர். 1924இல் தோன்றித் தொண்டாற்றிய 'தமிழ் நேசன்' நாளிதழும் 2019இல் நின்றுவிட்டது. பதிவு செய்யும் கரங்கள் குறைந்து வருகின்றன.

இந்நிலையில் தமிழ்ப்பள்ளிகள் செய்யத்தக்க பணி ஒன்றுண்டு. அதற்குப் பொருட்செலவும் மிகுதியில்லை. மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டு முதியோரிடம் அமர்ந்து, அவர் கேட்ட பாட்டையும், கண்ட நாடகத்தையும், அவர் காலத்துப் பாடகர் மறைந்த நாளில் வீடு எவ்வாறு இருந்தது என்பதையும் கேட்டு எழுதி வரலாம். இருபது மாணவர் எழுதினால் இருபது ஏடுகள்; பத்தாண்டுகளில் அது ஒரு வட்டார வரலாறு.

செந்தூல் பட்டறை இன்று ஓய்ந்துவிட்டது. இரயில்களைப் பழுது பார்க்கும் பணி பேராக்கின் பத்து காஜாவுக்கு இடம் மாறிச் சில ஆண்டுகள் ஆகின்றன. பழைய இரயில்வே கட்டடமொன்று 2005இல் நிகழ்கலை மையமாக மாற்றப்பட்டுவிட்டது. இரும்பு ஒலித்த இடத்தில் இன்று பாட்டு ஒலிக்கிறது. அங்கு உழைத்த தமிழர் மாலையில் வீடு திரும்பி எந்தெந்தப் பாடலைக் கேட்டனர், எவர் மறைந்தபோது வானொலியின் முன் வாய்மூடி நின்றனர் என்பதைச் சொல்லவல்லார் இன்னும் சிலர் செந்தூலில் இருக்கின்றனர். அவர்களிடம் கேட்க வேண்டிய காலம் இதுவே.